‘மழலை’யைக் கலைத்தால் ‘மழை’ கிடைக்குமா? எழுத்துக் கலைப்பு ஆட்டத்துக்கு விதி வேண்டும்

எழுத்தாணி (கேள்வி)

வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஓர் எழுத்துக் கலைப்பு ஆட்டம் தயாராகிறது. ஒரு சொல்லின் எழுத்துகளைத் தனித்தனி அட்டையில் எழுதிக் கலைத்துக் கொடுத்துவிடுவோம். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கி முழுச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சொற்களையும் எடுத்துப் பொருள் எழுத வேண்டும். 3 எழுத்துச் சொல்லில் தொடங்கி 6 எழுத்து வரை போகலாம் என்று எண்ணம். ஒரு சுற்றுக்கு 3 நிமிடம்.

மூன்று இடங்களில் இடிக்கிறது.

‘மழலை’ கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் ‘மலை’யோடு ‘மழை’யும் எழுதுகிறார்கள். “ம இருக்கு, ழ இருக்கு, ஐகாரமும் இருக்கு, அப்புறம் ஏன் தப்பு?” என்ற கேள்விக்கு எப்படி விளக்கம் சொல்வது?

5 எழுத்து வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கிப் பார்க்கிறார்கள். நேரம் அதிலேயே போய்விடுகிறது. முறையாகத் தேட வழி உண்டா?

ரதம், ரகம், கதம், கமம் போன்றவற்றை ஏற்பதா, தள்ளுவதா? எந்த அகராதியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?


ஏட்டுக்கட்டு (பதில்)

‘மழை’ வராது. ‘ழ’ ஓர் எழுத்து, ‘ழை’ வேறோர் எழுத்து. 247 எழுத்துகளில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த அட்டைகள் ம, ழ, லை. ‘லை’க்கு முன்னால் நிற்கும் இணைக்கொம்பைப் பிடுங்கி ‘ழ’வுக்கு வைத்தால், கையில் மிஞ்சுவது ‘ல’. அந்த அட்டையை நீங்கள் கொடுக்கவே இல்லை. பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னாலே போதும்: “அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது.”

அதே சமயம், அவர்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அவர்கள் சொல்லை எழுத்தாகப் பிரிக்காமல் ஒலியாகப் பிரிக்கிறார்கள். மழலையை ஒலியாகப் பிரித்தால் ம், அ, ழ், அ, ல், ஐ என்று ஆறு. இப்போது மழை (ம் அ ழ் ஐ) தாராளமாக வரும். அழை, அலை வரும். அழல் (தீ) வரும். அமலை (சோற்றுத் திரள், ஆரவாரம்) கூட வரும். எழுத்தாட்டத்தில் 3 அட்டைக்கு 6 வரிசைதான். ஒலியாட்டத்தில் 6 அட்டை, அதில் ‘அ’ இரண்டு என்பதால் 720-ஐ 2-ஆல் வகுத்து 360 வரிசை. ஆகவே இவை இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள். ஒலியாட்டத்தைப் புணர்ச்சி இலக்கணம் படிக்கும் மேல்வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது அருமையாகப் பயன்படும். ஆறாம் வகுப்புக்கு எழுத்தாட்டம் போதும். எந்த ஆட்டம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஒரே தாளில் இரண்டையும் கலந்தால் தீர்ப்பே சொல்ல முடியாது.

தொடக்கத்துக்கு மழலையைவிடக் ‘குதிரை’ நல்ல சொல். கு, தி, ரை மூன்றே அட்டை. அதற்குள் குதி, குரை, திரை மூன்றும் இருக்கின்றன. ‘குதி’ என்றால் தாவு, குதிகாலும் அதுதான். ‘குரை’ நாய்க்கு உரிய வினை. ‘திரை’ என்றால் சன்னல் துணியும் ஆகும், கடல் அலையும் ஆகும், ‘நரை திரை’ என்னும்போது தோலில் விழும் சுருக்கமும் ஆகும். பொருள் எழுதும் பகுதிக்கு இப்படிப்பட்ட சொல்தான் தீனி.

பொருளைத் தனியாக எழுதச் சொன்னால், தெரிந்த இன்னொரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ‘குரை’யையும் ‘குறை’யையும் குழப்பியவர் வாக்கியத்தில் மாட்டிக்கொள்வார்.


சொல்லடுக்கு (பதில்)

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தமிழில் எந்த எழுத்து எங்கே நிற்கலாம் என்பதற்கு உறுதியான இலக்கணம் இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு அடுக்கத் தேவையே இல்லை. அட்டைகளைப் பார்த்ததும் பாதி இடம் தானாக நிரம்பிவிடும்.

முதலில் உயிரெழுத்தைத் தேடுங்கள். அ, இ, உ போன்ற உயிர் தனியாக இருந்தால், அளபெடை (செய்யுளில் ஓசையை நீட்ட நடுவிலோ கடைசியிலோ உயிர் வருவது) நீங்கலாக, அது சொல்லின் முதலில்தான் வரும். தூக்கி இடக்கோடியில் வைத்துவிடலாம்.

அடுத்து, புள்ளி வைத்த எழுத்து. மெய்யெழுத்து எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. க் ச் ட் த் ப் ற் ஆறும் கடைசியிலும் வராது. அவை கண்டிப்பாக நடுவில்தான். கடைசியில் வருபவை நடைமுறையில் எட்டு: ண் ம் ன் ய் ர் ல் ழ் ள். நன்னூல் ஞ், ந், வ் மூன்றையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் அதற்கு உரிஞ், பொருந், தெவ் போன்ற பழஞ்சொற்கள்தான் சான்று. பிள்ளைகள் ஆட்டத்துக்கு எட்டே போதும்.

நடுவில் நிற்கும் புள்ளியெழுத்து தன் பக்கத்தில் யாரை வைத்துக்கொள்ளும் என்பதுதான் பெரிய துப்பு. க் ச் த் ப் நான்கும் தன் வரிசையை மட்டும் சேர்க்கும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. சக்தி, பக்தி, சப்தம் எல்லாம் வடசொல். ட், ற் இரண்டும் தன் வரிசையோடு க, ச, ப வரிசையையும் சேர்க்கும்: வெட்கம், கட்சி, நட்பு, கற்பு. மெல்லினத்தில் ங் என்றால் க, ஞ் என்றால் ச, ந் என்றால் த. இவை பெரும்பாலும் தப்பாது. ண்ட, ம்ப, ன்ற மூன்றும் அப்படியே ஜோடிதான், ஆனால் உண்மை, அன்பு, நன்மை போன்ற சொற்களில் இந்த மெல்லினங்கள் வேறு துணையும் தேடும்.

ள், ச, ம, ஞ் என்று நான்கு அட்டை வருகிறது. 4 அட்டைக்கு 24 வரிசை. ஞ் பார்த்ததும் ‘ஞ்ச’ என்று ஒட்டிவிடுங்கள். ஒட்டியதை முதலில் வைக்க முடியாது, ள்-ஐயும் முதலில் வைக்க முடியாது. மிச்சம் ம. மஞ்சள். அதேபோல சி, ய, மு, ற் வந்தால் ‘ற்சி’ ஒட்டும். 24 வரிசை 4 ஆகச் சுருங்கும். முயற்சி கண்ணில் பட்டுவிடும்.

கடைசியாக, முதலில் வராத உயிர்மெய்கள்: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டின் வரிசைகள். க, ட, ல் என்ற மூன்றில் ட, ல் இரண்டும் முதலில் வராது. க-வில் தொடங்கினால் கடல் அல்லது ‘கல்ட’. ல்-க்குப் பின் ட வராது. ஆறு வரிசையில் ஒன்றுதான் தேறும்.

இப்போது 5 எழுத்து: ம, ர, க, த, ம். முழுச்சொல் மரகதம். வரிசைகள் மொத்தம் 120. ம்-ஐக் கடைசியில் நிறுத்தினால் 24. ர-வை முதலில் வைக்காவிட்டால் 18. அதைத் தேடும் வழியில் சின்னச் சொற்களை இப்படி எடுங்கள்: ம்-ஐக் கடைசியில் ஊன்றிவிட்டு, முன்னால் இரண்டிரண்டாக மாற்றுங்கள். 12 சேர்க்கைதான் உண்டு. வரிசையாக எழுதிப் பாருங்கள்:

மரம், மகம், மதம்
ரமம், ரகம், ரதம்
கமம், கரம், கதம்
தமம், தரம், தகம்

ரமம், தகம் இரண்டையும் விட்டுவிடலாம். மற்ற பத்தும் சொல். மகம் 27 நட்சத்திரங்களில் 10-ஆவது. வேள்விக்கும் அந்தப் பெயர் உண்டு. மதம் சமயம், யானைக்குப் பிடிப்பதும் மதம். கரம் கை, வரியும் கரம். கதம் சினம். தமம் இருள். கமம் நிறைவு, தொல்காப்பிய உரியியல் அந்தப் பொருளைச் சொல்கிறது.

நான்கெழுத்துக்கு 24 சேர்க்கை. அதில் எனக்கு உறுதியானவை மகரம் (மீன் வகை, ராசி, ‘ம’ என்னும் எழுத்து), தகரம் (உலோகம், ‘த’ என்னும் எழுத்து), மகதம். மகதம் இன்றைய பீகாரில் இருந்த பழைய நாடு. இடப்பெயரை ஏற்பதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். ஆக ஒரே சொல்லிலிருந்து 14.

ஒன்று விட்டுப்போச்சு: புள்ளியெழுத்து இரண்டு அடுத்தடுத்து வராது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.


வடலியான் (பதில்)

சொல்லடுக்கு சொன்ன கடைசி வரி மட்டும் பிழை. ய், ர், ழ் மூண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளியெழுத்து வரும். வாய்ப்பு, வளர்ச்சி, வாழ்த்து, வாழ்க்கை. ழ், கை, வா, க் எண்டு நாலு அட்டை குடுத்தால், உங்கட விதியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற பிள்ளை வாழ்க்கையைக் கண்டுபிடிக்கவே மாட்டுது. விதியைத் திருப்பிச் சொல்லலாம்: ரெண்டு புள்ளி சேர்ந்து வந்தால் முதல் புள்ளி ய், ர், ழ் மூண்டில ஒண்டு. அதோட, ர், ழ் ரெண்டும் தனக்குத் தானே இரட்டிக்காது. ‘ர்ர’, ‘ழ்ழ’ எண்டு அடுக்கினால் உடனே கலைச்சுப் போடலாம்.

கமம் பழஞ்சொல் எண்டு தள்ளிப் போடாதேங்கோ. எங்கட பக்கம் கமம் எண்டால் வேளாண்மை. கமம் செய்யிறவர் கமக்காரர். இலங்கையில கமநல சேவை நிலையம் எண்டு அரசாங்கப் பலகையிலயே இருக்கு. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது புதுசு எண்டால், அதைப் பொருளோட சேர்த்துச் சொல்லிக் குடுக்க இதைவிட நல்ல இடம் எது?

அட்டையளைத் தெரிவு செய்யிறவர் கவனிக்க வேண்டியது இன்னொண்டு. ர-வும் ற-வும், அல்லது ல, ள, ழ-வும் ஒரே தொகுதியில போட்டால் ஆட்டம் திடீரெண்டு கடினமாகும். அ, ர, ற, ம் எண்டு குடுத்துப் பாருங்கோ. அரம் தச்சரும் கொல்லரும் இரும்பு ராவுற கருவி, அறம் தருமம். ரெண்டையும் எழுதின பிள்ளை பொருளை மாத்திப் போட்டால் சொல்லுக்கு மதிப்பெண் உண்டு, பொருளுக்கு இல்லை. முதல் வாரத்திலயே இதைக் குடுக்கக் கூடாது. எழுத்தாட்டம் பழகின பிறகு, இதுக்கெண்டே ஒரு சுற்று வையுங்கோ.


நிரல்நெசவு (பதில்)

கையால் அட்டை வெட்டினால் மேலே சொன்னவை போதும். கணினியில் கலைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு பள்ளம் இருக்கிறது.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யுனிகோடில் ‘கொடி’ என்பது இரண்டு எழுத்து அல்ல, நான்கு குறியீடு: க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. ‘ம்’ கூட இரண்டு: ம, புள்ளி. ‘க்ஷ’ மூன்று, ‘ஸ்ரீ’ நான்கு. இந்தக் குறியீட்டு வரிசையை அப்படியே கலைத்தால் கொம்பும் காலும் அநாதையாக நின்று, புள்ளிகளால் ஆன வெற்று வட்டத்தோடு திரையில் விழும். அதைவிட மோசம், சில சமயம் பார்ப்பதற்குச் சரியான வேறு எழுத்தாகவே ஒட்டிக்கொள்ளும். மழலையில் ‘மழை’ எழுதும் பிள்ளை செய்வதைத்தான் கணினியும் செய்கிறது.

ஆகவே முதல் வேலை சொல்லை எழுத்துகளாக வெட்டுவது. இடமிருந்து வலம் போங்கள். உயிரோ மெய்யுடம்போ (குறி எதுவும் ஏறாத க, ட, ம போன்றவை) வந்தால் புது எழுத்து தொடங்குங்கள். உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியாகக் கவனியுங்கள். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இந்த வெட்டும் வேலைக்குத் தயார்ச் செயற்கூறு இருக்கிறது.

வெட்டுவதற்கு முன் யுனிகோடு இயல்பாக்கம் செய்வது முக்கியம். ‘கொ’வை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இயல்பாக்கம் அதைச் சரிசெய்யும். ஆனால் ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’யோடு ‘ள’ சேர்த்துத் தட்டியிருந்தால் அதை எந்த இயல்பாக்கமும் பிடிக்காது. ‘ஔவை’ இரண்டு எழுத்து, ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டிய ‘ஒளவை’ மூன்று எழுத்து. பழைய சொற்பட்டியல்களில் இது மலிந்து கிடக்கிறது. ஔகாரச் சொற்களை மட்டும் தனியே எடுத்துக் கண்ணால் பாருங்கள், சிலவே இருக்கும்.

சொற்களைத் தேட, ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி அதையே சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாவியில் இரண்டு சொல் விழுந்தால் அவை ஒன்றையொன்று கலைத்துப் பெறுபவை. விடைத்தாளில் ஒரே விடை போட்டுவிட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். க, டு, ப மூன்றைப் பாருங்கள். டு முதலில் வராது என்பதால் நான்கே வரிசை: கடுப, கபடு, பகடு, படுக. இதில் மூன்று சொல்! கபடு (கள்ளங்கபடில் வரும் வஞ்சகம்), பகடு (எருது, ஆண் யானை), படுக என்னும் வியங்கோள் (‘வாழ்க’ போல ‘க’வில் முடியும் வினை). நீங்கள் மனத்தில் வைத்தது எதுவானாலும் மற்ற இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். சின்னச் சொற்களுக்கு, கொடுத்த எழுத்துகளிலிருந்து 2, 3, 4, 5 என்று எடுத்து ஒவ்வொரு சாவியையும் பட்டியலில் தேடினால் போதும். 5 அட்டைக்கு எல்லா நீளத்திலும் சேர்த்து 320 வரிசை. கணினிக்கு அது ஒன்றுமே இல்லை.


எழுத்தாணி

கத்தரிக்கோல் விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மரகதத்தின் 12 கட்டத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது நல்ல தொடக்கமாக இருக்கும். இன்னும் நிற்பவை: ரதம், ரகம் பிரச்சினை, அகராதி, ஓரெழுத்துச் சொல்லுக்கு மதிப்பெண் உண்டா என்பது. பிறகு, குறிப்பிட்ட சொல் இல்லாமல் சும்மா 7 அட்டை எடுத்து ஆட வேண்டும் என்றால் எந்த எழுத்துகளைச் சேர்ப்பது?


ஏட்டுக்கட்டு

ரதம், ரகம் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. நன்னூல்படி ர முதலில் வராது, அதனால்தான் இரதம், இராமன், உரோமம் என்று இகரமும் உகரமும் முன்னால் வைத்தார்கள். ஆனால் பிள்ளை பேச்சிலும் எழுத்திலும் காண்பது ரதம்தான். ‘தமிழ்ச்சொல்லுக்கு 2, வேற்றுமொழியிலிருந்து வந்ததற்கு 1’ என்று வைத்தால், எது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லடுக்கு சொன்ன முதலெழுத்து விதி கெட்டுப்போகாது: அந்த எட்டில் ஒன்று முதலில் வந்தால் ‘இது வெளியிலிருந்து வந்த சொல்லா?’ என்று சந்தேகப்படக் கற்றுக்கொள்வார்கள்.

அகராதிக்கு இரண்டடுக்கு வையுங்கள். இன்றைய வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதில் இல்லாத கதம், தமம் போன்றவற்றுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம். ஆனால் லெக்சிகனை மட்டும் வைத்து ஆடினால் ஆட்டம் கெடும். இரண்டெழுத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் ஏதோ ஒரு செடிக்கோ, நிகண்டு (பழைய செய்யுள் அகராதி) சொல்லும் பொருளுக்கோ பெயராக அதில் கிடைத்துவிடும். பிள்ளைகள் யோசிக்காமல் எழுதிவிட்டு “அகராதியில் இருக்கிறதா பாருங்கள்” என்பார்கள். லெக்சிகன் சொல்லுக்கு மதிப்பெண் வேண்டுமானால் பொருளையும் அவர்களே எழுதியிருக்க வேண்டும். இது ஒன்றே ஊகத்தைத் தடுத்துவிடும்.

ஓரெழுத்துச் சொல்லைத் தனிச் சுற்றாக வையுங்கள். நன்னூல் 42 ஓரெழுத்தொருமொழிகளைச் சொல்கிறது; 40 நெடில், நொ, து இரண்டு மட்டும் குறில். கா சோலை, கோ அரசன், நா நாக்கு, மீ மேல், சே எருது, வீ மலர், ஏ அம்பு, து என்றால் உண். கலைப்பு ஆட்டத்துக்குள் இவற்றை அனுமதித்தால், அடுக்கும் வேலையே இல்லாமல் அட்டையைத் தொட்டுத் தொட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

விகுதி சேர்ந்த சொற்களையும் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். மரங்கள், மரத்தை போன்றவற்றை நான் தள்ளிவிடுவேன். வினையில் ஏவல் வடிவம் (குதி, படு, அழை) சரி. ‘தர’ போன்ற எச்சம் வேண்டாம்.


சொல்லடுக்கு

வடலியானுக்கு நன்றி, அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன்.

7 அட்டைக்கு: அகரம் ஏறிய உயிர்மெய் 3 (க, த, ப, ம, வ, ர, ல இவற்றிலிருந்து, ர, ல இரண்டையும் ஒருசேர வேண்டாம்). கடைசியில் நிற்கக்கூடிய புள்ளி 1, முடிந்தவரை ம் அல்லது ல். உகர ஈறு 1: டு, கு, து, று. ஐகார ஈறு 1: லை, தை, ரை, டை. ஏழாவது இகரம் ஏறியதாகவோ உயிரெழுத்தாகவோ இருக்கலாம். க, ப, ர, ம், டு, லை, வி என்று எடுத்தால் கரம், பரம், கடு, படு, கலை, விலை, விடு எல்லாம் உடனே வரும்.

வல்லினப் புள்ளியைப் போட்டால் அதன் ஜோடியையும் போட்டே ஆக வேண்டும். த் கொடுத்துவிட்டு த-வரிசையில் எதுவும் கொடுக்காவிட்டால் அந்த அட்டை செத்த அட்டை. ட், ற் மட்டும் க, ச, ப இருந்தாலும் பிழைக்கும்.

அச்சில் கவனம்: நகலெடுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘ல்’ ‘ல’ ஆகிவிட்டால் தொகுதியே கெட்டது. புள்ளியெழுத்து அட்டைகளை மட்டும் வேறு நிறத்தாளில் அச்சிடுங்கள். நிறத்தைப் பார்த்ததும் ‘இது முதலில் வராது’ என்று கையே சொல்லிவிடும். எல்லா அட்டைக்கும் மேல் வலது மூலையை வெட்டிவிட்டால், தலைகீழாக வைத்துக்கொண்டு எந்த எழுத்து என்று விழிக்க வேண்டியிருக்காது.